பெட்ரோல் வாடை எங்கிருந்து வருகிறது?

பழைய காரில் பெட்ரோல் கசிந்தால் முதலில் கவனிக்கவேண்டியது நேரம். இடம் அதற்குப் பிறகு. டேங்க் நிரப்பிய அன்று மட்டும் வாடை வருகிறதா, இன்ஜின் ஓடும்போது மட்டும் சொட்டுகிறதா, வெயிலில் ஓடி நிறுத்திய சற்று நேரத்தில் வருகிறதா, இரவெல்லாம் நின்ற பிறகு காலையில் வருகிறதா? இந்த நான்கு நேரங்களுக்கும் நான்கு வேறு இடங்கள் உண்டு. சொட்டு விழும் இடத்தை மட்டும் நம்பித் தேடுபவர் பெரும்பாலும் ஏமாறுவார். பெட்ரோல் இரும்புக் குழாயின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே இரண்டு மூன்று அடி ஓடி, ஏதாவது ஒரு கிளிப்பிலோ வளைவிலோ வந்துதான் கீழே விழும். டேங்க் அடியில் ஈரம் என்று டேங்கை இறக்கிப் பார்த்தால், கோளாறு அதன் மேலே இருக்கும் ரப்பர் ஹோஸில் இருக்கும்.

திருவள்ளூர் பக்கம் கசிவோடு ஷெட்டுக்கு வரக்கூடிய பழைய பெட்ரோல் கார்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்வது வசதி. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி முதல் வகை. மாருதி 800 இரண்டாவது. 1983 டிசம்பரில் வெளிவந்த அந்தக் கார் 2000 வாக்கில்தான் கார்புரேட்டரை விட்டு எம்.பி.எஃப்.ஐ. என்ற இன்ஜெக்ஷன் முறைக்கு மாறியது. மூன்றாவது வகைக்கு இந்த மண்ணோடு நேரடி உறவு உண்டு. செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் ஏறி அரக்கோணம் பக்கம் போனால் புட்லூர், திருவள்ளூர், ஏகாட்டூர் தாண்டிக் கடம்பத்தூர் வரும். அதையடுத்த அதிகத்தூரில்தான் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998 முதல் மிட்சுபிஷி லான்சரைத் தயாரித்தது. அதே தொழிற்சாலையிலிருந்து இப்போது சிட்ரோயன் வருகிறது. லான்சரின் பெட்ரோல் மாடல் தொடக்கத்திலிருந்தே எம்.பி.எஃப்.ஐ.

இந்தப் பிரிவினைக்குக் காரணம் அழுத்தம். அம்பாசிடரிலும் பழைய 800-லும் இன்ஜினில் பொருத்திய மெக்கானிக்கல் பம்ப் பெட்ரோலை உறிஞ்சிக் கார்புரேட்டருக்கு அனுப்பும், அழுத்தம் 0.2 முதல் 0.3 பார் வரைதான். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் டேங்குக்குள் இருக்கும் மின்பம்ப் ஏறத்தாழ 3 பாரில் தள்ளுகிறது. பத்து மடங்கு. கார்புரேட்டர் வண்டியில் சொட்டும் ஓட்டை, எம்.பி.எஃப்.ஐ.யில் பீய்ச்சும். இன்னொரு வித்தியாசத்தையும் மறந்துவிடக் கூடாது. மெக்கானிக்கல் பம்ப் இருக்கும் வண்டியில் டேங்கிலிருந்து பம்ப் வரையிலான குழாய் உறிஞ்சும் பக்கம். அங்கே விரிசல் இருந்தால் இன்ஜின் ஓடும்போது பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். வண்டி மேட்டில் திணறும், காலையில் வெகுநேரம் ஸ்டார்ட்டர் சுற்றவேண்டும். தரையில் ஒரு சொட்டும் இருக்காது. பிளக்கையும் பாயின்ட்டையும் மாற்றிப் பார்த்துக் களைத்த பிறகுதான் பலருக்கு ஹோஸ் ஞாபகம் வருகிறது.

தேடும் வேலையைத் தொடங்குவதற்கு முன் செய்யவேண்டியவை சில உண்டு. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடக்கூடியது. காற்றில் அந்த ஆவி நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே போதும், பொறி பட்டால் பிடிக்கும். ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம் என்பதால் மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். ஷெட்டில் கார்களை நிறுத்தி அடியில் இறங்கிப் பார்க்கும் பிட் இருக்கிறதே, அதுதான் அப்படித் தேங்குவதற்கு ஏற்ற இடம். கசியும் வண்டியைப் பிட் மேல் நிறுத்தி, கையில் குண்டு பல்பு வைத்த ஒயரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்குவது இன்னும் நடக்கிறது. அதைவிட ஆபத்தான ஒன்றை இந்த வேலையில் யோசிக்க முடியாது. வண்டி திறந்தவெளியில், சமதரையில் நிற்கவேண்டும். தூக்கினால் ஸ்டாண்டில் நிறுத்தவேண்டும், ஜாக்கியை நம்பக் கூடாது. எல்.இ.டி. டார்ச் போதும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைப் பெட்ரோல் சிந்துவதற்கு முன்பே கழற்றவேண்டும். சிந்திய பிறகு கழற்றினால் அந்த முனையிலேயே பொறி வரும். பக்கத்தில் பவுடர் தீயணைப்பான் இருக்கட்டும். தண்ணீர் வாளி உதவாது, பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டே எரியும்.

அடுத்தது, ஈரம் பெட்ரோல்தானா என்று உறுதி செய்துகொள்வது. ஏ.சி. தண்ணீருக்கு வாடை இல்லை. கூலன்ட் பிசுபிசுக்கும். பிரேக் ஆயில் பெயின்ட்டை உரிக்கும். பெட்ரோல் விரலில் குளிர்ச்சியாக இருந்துவிட்டுச் சில நொடிகளில் மறைந்துவிடும். மறைந்தாலும் தடயம் விட்டுப்போகும். புழுதி படிந்த இரும்பில் பெட்ரோல் ஓடிய பாதை மட்டும் கழுவியதுபோல் சுத்தமாக இருக்கும், அல்லது காய்ந்து பழுப்புக் கறையாகப் படிந்திருக்கும். கறை நாள்பட்ட கசிவு, கழுவிய கோடு புதுக் கசிவு. இன்ஜின் பக்கம் எண்ணெய் அப்பிக்கிடந்தால் முதலில் கழுவிக் காயவிட்டு, சந்தேகமான மூட்டுகளில் முகப்பவுடரைத் தூவிவைக்கலாம். முதலில் நனையும் இடம்தான் ஊற்று. அதற்குக் கீழே நனைந்திருப்பவை எல்லாம் வழிந்ததால் வந்தவை.

இனி நேரம் வாரியாக.

டேங்க் நிரப்பினால் மட்டும் வாடை வந்தால், கோளாறு டேங்கின் மேல்பாதியில் இருக்கிறது. பெட்ரோல் ஊற்றும் வாய்க்கும் டேங்குக்கும் நடுவில் இருக்கும் தடித்த ரப்பர் குழாய், அதன் பக்கத்தில் ஓடும் மெல்லிய காற்றுக்குழாய், பெட்ரோல் அளவு காட்டும் டேங்க் யூனிட்டின் பேக்கிங் ஆகிய மூன்றையும் பார்க்கவேண்டும். ரப்பர் குழாய் வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அடிப்பக்கத்தில், கிளிப் கடிக்கும் இடத்தில், வெடித்திருக்கும். திருப்பத்தில் சாய்ந்தால் வாடை அடிப்பதும் இதே கூட்டத்தின் வேலை. பங்கில் வாய்வரை நிரப்பும் பழக்கமும் சேர்ந்தால் கேட்கவேண்டாம். பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வந்த 30 லிட்டர், மே மாத வெயிலில் 15 டிகிரி சூடேறினால் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கூடிவிடும். திருத்தணியில் 40 டிகிரி தாண்டும் நாட்களில் இது கணக்குப் பாடம் இல்லை. அந்தக் கூடுதல் பெட்ரோலுக்கு டேங்கில் இடம் இல்லையென்றால் அது பலவீனமான மூட்டைத் தேடிக்கொண்டு வெளியே வரும். எனவே வாய்வரை நிரப்பி வெயிலில் நிறுத்திய வண்டியில் வரும் கசிவைப் பார்த்துவிட்டு டேங்க் ஓட்டை என்று தீர்மானிப்பது அவசரம்.

இன்ஜின் ஓடும்போது மட்டும் சொட்டினால் அது அழுத்தப் பக்கம். கார்புரேட்டர் வண்டியில் பம்பிலிருந்து கார்புரேட்டர் வரை, எம்.பி.எஃப்.ஐ.யில் டேங்கிலிருந்து இன்ஜெக்டர் ரெயில் வரை முழுவதும். ஷெட்டுகளில் ஏ.சி. பம்ப் என்று அழைக்கப்படும் மெக்கானிக்கல் பம்பில் துணி பதித்த ரப்பர் டயாஃப்ரம் ஒன்று மேலும் கீழும் ஆடுகிறது. அது கிழிந்தால் பெட்ரோலுக்கு இரண்டு வழிகள் திறக்கின்றன. ஒன்று, பம்பின் உடலில் அதற்காகவே விட்டிருக்கும் சிறு துளை. அதன் வழியாகச் சொட்டினால் கண்ணுக்குத் தெரியும், கோளாறும் பிடிபடும். மற்றொன்றுதான் வம்பு. பெட்ரோல் உள்பக்கமாக இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலக்கிறது. தரை காய்ந்திருக்கும், மைலேஜ் மட்டும் குறையும். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் அளவு ஏறியிருக்கும். தண்ணீராக ஓடும், முகர்ந்தால் பெட்ரோல் வாடை வரும். ஆயில் குறையவே இல்லை, இன்ஜின் நல்ல இன்ஜின் என்று பெருமைப்படும் உரிமையாளர் உடனே சந்தேகப்படவேண்டிய இடம் இது. பெட்ரோல் கலந்த ஆயிலால் பேரிங்குகளுக்கு நடுவே படலமாக நிற்க முடியாது. அப்படியே ஓட்டினால் செலவு டயாஃப்ரத்தோடு முடியாது. டயாஃப்ரம் மாற்றிய கையோடு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றியே ஆகவேண்டும்.

எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் பார்க்கவேண்டியவை ஃபில்டரின் இரு முனைகள், ரெயிலுக்குப் போகும் ஹோஸ், இன்ஜெக்டர்களின் ஓ-ரிங்குகள். பிரஷர் ரெகுலேட்டர் ரெயிலிலேயே இருக்கும் வண்டிகளில் ஒரு சுலபமான சோதனை உண்டு: ரெகுலேட்டரிலிருந்து இன்டேக்குக்குப் போகும் மெல்லிய வேக்குவம் ஹோஸைக் கழற்றிப் பார்ப்பது. உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் டயாஃப்ரம் போய்விட்டது. வெளியே எங்கும் கசியாமல் கறுப்புப் புகையும் பெட்ரோல் செலவும் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த வண்டிகளில் எந்த மூட்டையும் திறப்பதற்கு முன் குழாயில் நிற்கும் அழுத்தத்தை இறக்கவேண்டும். பம்பின் ஃப்யூஸை உருவிவிட்டு இன்ஜினை ஓடவிட்டால், இருக்கும் பெட்ரோலைத் தின்றுவிட்டுத் தானாக நிற்கும். அதன் பிறகும் மூட்டைத் துணியால் மூடிக்கொண்டுதான் தளர்த்தவேண்டும்.

ஓடி நிறுத்திய பிறகு வருவது மூன்றாவது. கார்புரேட்டர் வண்டிகளில் இது இரண்டு விதம். இன்ஜின் சூட்டில் ஃப்ளோட் அறையில் இருக்கும் பெட்ரோல் கொதித்து ஆவியாவதால் சில நிமிடங்கள் வாடை வந்து அடங்குவது ஒன்று. ஈரம் இல்லாதவரை இதைக் கோளாறு என்று சொல்ல முடியாது. கோடைக்காலத்தில் கார்புரேட்டரின் சுபாவம் அது. இரண்டாவது விதத்தில் கார்புரேட்டரின் வெளிச்சுவரில் ஈரம் வழியும், மறுபடி ஸ்டார்ட் செய்தால் இருமிக்கொண்டே எழும். அதற்கு நீடில் வால்வையும் ஃப்ளோட்டையும் பார்க்கவேண்டும். நீடில் உட்காரும் இடத்தில் ஒரு துளி துரு சிக்கினாலே போதும், பெட்ரோல் நிற்காமல் ஏறி வழியும். சோலெக்ஸ் போன்ற பழைய கார்புரேட்டர்களில் பித்தளை ஃப்ளோட் இருந்தால் அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கவேண்டும். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் ஃப்ளோட்டில் ஓட்டை. எங்கே என்று தெரிய வெந்நீரில் அமுக்கினால் குமிழ் வரும். ஈயம் வைத்து அடைக்கலாம்தான், ஆனால் ஈயத்தின் எடை ஏறினால் ஃப்ளோட் தாழ்ந்து மிதக்கும், அளவு மறுபடி கூடும். புது ஃப்ளோட் கிடைக்கும்போது அடைப்பதில் அர்த்தம் இல்லை.

அம்பாசிடரின் பழைய பி.எம்.சி. இன்ஜினில் இந்தக் கசிவுக்குத் தனிக் கவனம் தேவை. அதில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். கார்புரேட்டருக்குக் கீழேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருக்கிறது. வழியும் பெட்ரோல் நேரே அதன்மேல் விழும். சூடான இரும்பில் பட்ட மாத்திரத்தில் பெட்ரோல் பிடித்துக்கொள்வது அரிது. பெரும்பாலும் அது ஆவியாகிப் பரவிவிடும். அப்படிப் பரவிய ஆவிக்கு மின்சாரம் கசியும் பிளக் ஒயரோ டிஸ்ட்ரிபியூட்டரோ பொறி கொடுக்கும்.

இரவு முழுக்க நின்ற வண்டியின் கீழே காலையில் ஈரம் இருந்தால், அழுத்தமே இல்லாமல் தன் எடையிலேயே பெட்ரோல் இறங்கும் இடம் எது என்று பார்க்கவேண்டும். டேங்கின் அடி, அதன் வடிகால் போல்ட், டேங்கிலிருந்து கிளம்பும் முதல் ஹோஸ், அடித்தளத்தை ஒட்டி ஓடும் இரும்புக் குழாய். டேங்க் பெரும்பாலும் உள்ளிருந்துதான் துருப்பிடிக்கிறது. நாள்பட நிற்கும் வண்டியில் ஈரக்காற்றிலிருந்து சேரும் தண்ணீர் பெட்ரோலுக்குக் கீழே போய் உட்காரும், தகடு அங்கே புள்ளி புள்ளியாகக் குழியும். வெளிப்பக்கத் துருவுக்கு வடகிழக்குப் பருவமழையும் கும்மிடிப்பூண்டி, எண்ணூர் பக்கத்து உப்புக்காற்றும் போதும். 2015 டிசம்பர் போன்ற வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருந்தால் அடிக்குழாய்களைக் கிளிப்புகளிலிருந்து விடுவித்துப் பார்க்கவேண்டும். கிளிப்புக்கும் குழாய்க்கும் நடுவில் தங்கிய சேறுதான் முதலில் அரிக்கிறது. வயலை ஒட்டிய வீடுகளில் எலியையும் கணக்கில் சேர்க்கவேண்டும். எலி கடித்த ஹோஸில் பல்தடம் தெளிவாகத் தெரியும், சந்தேகத்துக்கு இடமே வைக்காது.

ஈரமே இல்லாமல் வாடை மட்டும் நீடித்தால் கரிப்பெட்டியைப் பார்க்கலாம். பிற்கால மாடல்களில் டேங்கின் ஆவியைப் பிடித்து இன்ஜினுக்கு அனுப்பும் சிறு டப்பா அது. அதன் ஹோஸ் கழன்றிருந்தாலோ வெடித்திருந்தாலோ ஆவி நேரே வெளியே வரும்.

இடம் தெரிந்த பிறகு வேலை பெரும்பாலும் சின்னது. அதைக் கெடுப்பது கையில் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கும் பழக்கம். சைக்கிள் ட்யூபைக் கிழித்துச் சுற்றுவார்கள். பெட்ரோல் பட்டதும் அந்த ரப்பர் ஊதிக் கூழாகும். தண்ணீர் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூபை மாட்டுவார்கள். சில மாதங்களில் அது மஞ்சளாகி, விறைத்து, முனையில் வெடிக்கும். கிளிப்புக்குப் பதிலாகக் கட்டுக்கம்பி முறுக்குவார்கள். அது ஹோஸை அறுக்கும். டேங்க் ஓட்டையில் பார் சோப்பைத் தேய்ப்பது மட்டும் இந்தப் பட்டியலில் கொஞ்சம் மரியாதைக்குரியது. சோப்பு பெட்ரோலில் கரையாது என்பதால் வண்டியை வீடு சேர்க்கும்வரை தாங்கும். அதற்கு மேல் அதை நம்பக் கூடாது. எம்-சீலும் ஈரமான தகட்டில் ஒட்டாது.

ஹோஸ் மாற்றும்போது பார்க்கவேண்டியது அதன்மேல் அச்சிட்டிருக்கும் தரம். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்7 என்பது கார்புரேட்டர் வண்டிகளின் குறைந்த அழுத்தத்துக்கு. ஆர்9 இன்ஜெக்ஷன் வண்டிகளுக்கு. அதன் உட்பூச்சு ஃப்ளூரோ ரப்பர் என்பதால் எத்தனாலையும் தாங்கும், எனவே கார்புரேட்டர் வண்டியிலும் அதையே போடுவது நல்லது. விலை வித்தியாசம் ஒரு பிரச்சினையே இல்லை. டேங்குக்குள் மூழ்கிக் கிடக்கும் துண்டுக்கு மட்டும் ஆர்10 வேண்டும். ஆர்9-இன் வெளிப்புறம் பெட்ரோலில் ஊறுவதற்காகச் செய்யப்பட்டதில்லை. ஸ்க்ரூ கிளிப்பின் பல் ஹோஸில் பதியும்படி முறுக்குவதும் கசிவுக்கு வழி; விளிம்பு மடித்த கிளிப் பாதுகாப்பானது. பேன்ஜோ போல்ட்டைத் திறந்தால் இரு பக்கத்துக் காப்பர் வாஷர்களையும் புதிதாகப் போடவேண்டும். குழாயின் விரிந்த முனையில் டெஃப்லான் டேப் சுற்றுவது வேண்டாத வேலை. அங்கே உலோகம் உலோகத்தில் உட்கார்ந்துதான் அடைக்கிறது, பிய்ந்த டேப் கார்புரேட்டரில் போய் அடைத்துக்கொள்ளும்.

டேங்கைப் பற்றவைப்பது தனி விஷயம். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது. உள்ளே ஆவியும் காற்றும் சரியான விகிதத்தில் கலந்து காத்திருக்கும். வடித்துவிட்டோம், காய்ந்துவிட்டது என்று நெருப்பைக் காட்டி உயிரை விட்டவர்கள் உலகம் முழுக்க உண்டு. வெந்நீரும் சோப்புத்தூளும் போட்டுப் பலமுறை அலசி, பற்றவைக்கும் இடம் மட்டும் வெளியே இருக்கும்படி தண்ணீர் நிரப்பிக்கொண்டு செய்பவரிடம் கொடுக்கவேண்டும். பிறகு எல்லா வாய்களையும் அடைத்து, 0.1 அல்லது 0.2 பார் காற்று மட்டும் கொடுத்துச் சோப்புத்தண்ணீர் தடவிப் பார்க்கலாம். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரின் முழு அழுத்தத்தைக் கொடுத்தால் டேங்க் உப்பிவிடும். துரு பல இடங்களில் இருந்தால் பற்றவைப்பது வீண். ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். சென்னை ஜி.பி. ரோட்டில் புதிதும் புதுப்பேட்டையில் பழையதும் தேடலாம். ஆனால் பழைய டேங்கை வாங்கும்போது டேங்க் யூனிட்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது.

இப்போது பழைய கார்களில் கசிவு பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் எத்தனாலில் வந்து நிற்கிறது. இந்தியாவில் 10 சதவீதக் கலப்பு 2022 ஜூனில் எட்டப்பட்டது. 20 சதவீதக் கலப்புப் பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி 2025-க்குள் நாடெங்கும் வந்துவிட்டது. பழைய நைட்ரைல் ரப்பர் எத்தனாலில் ஊதும், மென்மையாகும், பிறகு காய்ந்தால் வெடிக்கும். துத்தநாகக் கலவையில் வார்த்த கார்புரேட்டர்களில் வெள்ளைப் பொடி பூக்கும். எத்தனால் தண்ணீரையும் இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்குக்கு அது நல்லதில்லை. பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் பேக்கிங்குகளையும் மாற்றவேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. ஆனாலும் எல்லாப் பழியையும் எத்தனால்மேல் போடுவது நியாயமில்லை. இருபது வருடமாக மாற்றாத ஹோஸ் எந்தப் பெட்ரோலிலும் வெடித்திருக்கும். எத்தனால் கொஞ்சம் அவசரப்படுத்துகிறது, அவ்வளவே. அதன் இன்னொரு வேலை குறும்பானது: டேங்கில் வருடக்கணக்காக ஒட்டியிருந்த கசடை அது கரைத்துப் பெயர்த்துவிடும். அது ஃபில்டரைத் தாண்டி வந்தால் நீடிலில் சிக்கும், கார்புரேட்டர் வழியும். எனவே ஹோஸ்களை மாற்றும் அதே நாளில் ஃபில்டரையும் மாற்றுவது புத்திசாலித்தனம்.

ஹோஸ் ஒன்று வெடித்திருந்தால் மற்றவற்றுக்கும் அதே வயதுதான். ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்தது சில வாரங்களில் கசியும், ஆகவே மொத்தமாக மாற்றுவதே கணக்குக்குச் சரி.

வேலை முடிந்ததும் சோதனை. எம்.பி.எஃப்.ஐ.யில் ஃப்யூஸைப் போட்டுச் சாவியை இரண்டு மூன்று முறை ஆன் செய்தால் இன்ஜின் ஓடாமலே குழாயில் அழுத்தம் ஏறும்; மூட்டுகள் காய்ந்திருந்தால்தான் ஸ்டார்ட் செய்யவேண்டும். கார்புரேட்டர் வண்டியை நேரே ஸ்டார்ட் செய்து, பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டையும் டார்ச் அடித்து விரலால் தடவிப் பார்க்கவேண்டும். மின்விசிறியிலும் பெல்ட்டிலும் கை படாமல் பார்ப்பது முக்கியம். நிறுத்திய அரைமணி கழித்து மறுபடி ஒரு பார்வை. இரவில் வண்டியின் கீழே பழைய அட்டையை விரித்துவைத்துக் காலையில் அதில் வளையம் விழுந்திருக்கிறதா என்று பார்க்கலாம். டேங்கின் மேல்பக்கத்தில் கை வைத்திருந்தால் அடுத்த முறை முழு டேங்க் நிரப்பும்வரை வேலை முடிந்ததாகச் சொல்ல முடியாது. வடித்த பெட்ரோல் தெளிவாக இருந்தால் வடிகட்டிப் பயன்படுத்தலாம். தண்ணீரோ துருவோ கலந்திருந்தால் மூடிய இரும்பு டப்பாவில் வைத்துக் கழிவு எண்ணெய் எடுப்பவரிடம் கொடுக்கவேண்டும். கால்வாயிலோ கிணற்றை ஒட்டிய மண்ணிலோ ஊற்றக் கூடாது.